தேயாத டிப்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, எங்கள் லேத் பட்டறைக்கு மாதாமாதம் ஒருவர் வருவார். வார்ப்பிரும்பு கடைய டூலின் நுனியில் பொருத்தும் செராமிக் டிப்புகளை விற்பவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் லென்ஸ் தொங்கும். முதல் நாளே எச்சரித்தார்: "சூட்டுல தண்ணி மட்டும் ஊத்தீராதீங்க. வெடிச்சுப் போயிருமுங்க."

பழைய டிப்பை லென்ஸில் பார்த்து, தேய்ந்திருந்தால் துக்க வீட்டுக்கு வந்தவர்போல உச்சுக் கொட்டுவார். கை மட்டும் புதுப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கும்.

ஒருமுறை அவர் தந்த புது ரகம் தேயவே இல்லை. "நீங்க சொன்னது நெசந்தானுங்க, அப்படியே இருக்குதுங்க" என்றேன் சந்தோஷமாக. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையை மூடினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, சிரிக்காமல் ஒன்று கேட்டார். விளையாட்டா, ஆசையா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"ஏனுங்க, ஒருக்கா தண்ணி ஊத்தித்தான் பாருங்களே?"