மாலதி கோத்த நாலு ஊக்கு

சேதி வந்தபோது டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் நான், என் மகன் ரவி, பேத்தி அனு, மேல்வீட்டு சுனிதா. போனை எடுத்தவள் சுனிதா. பள்ளியில் மயங்கி விழுந்த என் மருமகள் மாலதி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள். "பைட்டியே, அம்மாஜி" என்று சுனிதா என்னை உட்கார வைத்தாள். இன்னும் நான் எழுந்திருக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

இன்று அவளுக்காகக் கூடியிருக்கும் உங்களில் பலருக்கு அவள் கெமிஸ்ட்ரி மிஸ். வீட்டில், பரீட்சைத் தாள்களைத் தரையில் பரப்பிக்கொண்டு என்னையும் கூப்பிடுவாள். நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவள்.

"அச்சா அத்தை, C பக்கத்து நம்பரை ரெண்டால பெருக்குங்க. H பக்கத்துல அந்த விடையே இருந்தா ஆல்கீன். ரெண்டு கூட இருந்தா ஆல்கேன். ஜல்தி!"

C₂H₄, C₃H₆ என்று நான் பார்த்துச் சொல்லச் சொல்ல, "நீங்க டென்த் பாஸ், அத்தை!" என்று சிரிப்பாள்.

ஒருமுறை C₄H₈-க்கு ஒரு பெண், "ஆல்கீன், வளையமாகவும் இருக்கலாம்" என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் ஆல்கீன் மட்டும்தான்.

"தப்புதானேடி?" என்றேன்.

மாலதி தன் வளையலில் தொங்கிய நாலு ஊக்கைக் கழற்றி வரிசையாகக் கோத்தாள். "இவங்கதான் நாலு கார்பன். இப்படி நின்னா ஒரு இடத்துல ரெட்டைப் பிடி பிடிக்கணும்." பிறகு முதல் ஊக்கையும் கடைசி ஊக்கையும் மாட்டினாள். "இப்படி வளைஞ்சா ஒத்தைப் பிடியே போதும். H அதே எட்டுதான். எண்ணிக்கை சரியா இருந்தா மட்டும் போதாது அத்தை, எப்படிச் சேர்ந்திருக்குன்னு பாக்கணும்."

முழு மார்க் போட்டாள். வைஸ் பிரின்சிபால் குறைக்கச் சொன்னார், மறுத்துவிட்டாள்.

"ஒரு மார்க்குக்காக வேலையை விடப் போறியா?" என்றான் ரவி.

"அவ எழுதினது சரி. தெரிஞ்சே எப்படி அடிப்பேன்?"

மறுநாள் ரவி அவளிடம் சொல்லாமல் பள்ளிக்குப் போனான். மாலதிக்குத் தன் தப்பு புரிந்துவிட்டதென்று சொல்லி, அவளுக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். மார்க்கை வெட்டினார்கள். "நீங்கதானே மிஸ் சரின்னீங்க?" என்று வகுப்பில் அந்தப் பெண் கேட்டபோதுதான் மாலதிக்கே தெரிந்தது.

அவள் சண்டை போடவில்லை. அதன்பின் தாள்களை வீட்டுக்குக் கொண்டு வரவுமில்லை. அந்தச் சிரிப்பு நின்றது அன்றுதான்.

காரியத்துக்கு வந்தவர்கள் ரவியின் கையைப் பிடித்து, "என்ன ஒரு ஜோடி!" என்றார்கள். அவன் தலையாட்டினான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாலு ஊக்கும் இப்போது என் வளையலில், அவள் மாட்டிய வளையமாகவே தொங்குகின்றன. வைஸ் பிரின்சிபாலை விட்டுவிடுகிறேன். அவர் மாலதியை அறியாதவர். அவளோடு ஒரே வீட்டில் வாழ்ந்தும் அறியாத ஒருவனை மன்னிக்க மாட்டேன்.

நான் பெற்ற ரவி.