வர்க்கியின் காதில் தொங்கிய பலா இலை

கேரளத்துப் பாலாயில் பஸ் ஓட்டிய வர்க்கிக்குக் குடலில் புற்று வந்தது. அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், இடது வயிற்றில் மலம் இறங்க ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். மனிதர் பிழைத்துவிட்டார். வாசகசாலைச் சீட்டு மேசைக்கும் திரும்பினார். விரல் மரத்துப்போனதால் சீட்டு அவ்வப்போது நழுவும். ஆனாலும் இரண்டு வருடமாக ஒரு தோல்வி இல்லை!

அங்கே தோற்றவன் பலா இலையைச் சுருட்டிக் காதில் தொங்கட்டான்போலக் குணுக்காக மாட்டிக்கொள்ள வேண்டும். அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தால்தான் கழற்றலாம். வர்க்கி எல்லார் காதிலும் மாட்டிவிட்டு மீசையை முறுக்கித் திரிந்தார், பாவம்.

அன்று எதிரணி நாணு, "தோத்துட்டேன் சேட்டா" என்று கைச்சீட்டைக் கவிழ்த்துப் போட்டான். வர்க்கிக்கு என்ன தோன்றியதோ, புரட்டிப் பார்த்தார். துருப்பு ஜாக்கி! அந்த ஆட்டத்தில் அதை வெல்லச் சீட்டே கிடையாது.

"எத்தனை நாளாடா இந்தத் திருட்டுத்தனம்?"

நாணு தலையைச் சொறிந்தான். "உங்க வீட்டு ஏலிச்சேட்டத்திதான் உங்க மனசு நோகக்கூடாது, விட்டுக்கொடுங்கன்னு..."

"எனக்கு வெட்டினது குடலைடா, மூளையை இல்ல! போடு சீட்டை!"

இம்முறை உண்மையாகவே ஆடினார்கள். வர்க்கி மண்ணைக் கவ்வினார். இலையைத் தொட ஒருவனுக்கும் துணிவில்லை. அந்த அமைதியில் பை 'புர்ர்ர்' என்றது. எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.

"மேல என்னடா பாக்குறீங்க? வயிறே ஒத்துக்கிச்சு, நான் தோத்துட்டேன்னு. மாட்டுங்கடா!"

நாணு சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வர, இரண்டு காதிலும் மாட்டினான்.

வர்க்கி சந்தை வழியாகவே நடந்தார். மீன்காரி சிரித்தாள், பாதிரியார்கூடச் சிரித்தார். வர்க்கிக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டு வாசலில் மனைவி ஏலிக்குட்டி பதறிப்போனாள்.

"அச்சாயா, யாரு இதை மாட்டினது? நான் அவ்வளவு சொல்லியும்..."

"சொன்னியாமே, கேள்விப்பட்டேன். சோத்தைப் போடு."

காதில் இலை ஆட ஆட மீன்குழம்பைப் பிசைந்து சாப்பிட்டார். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று!

"சரி, நாளைக்கே ஜெயிச்சு அதைக் கழட்டுங்க."

"என்னடி அவசரம்? நாள் கிடக்கு" என்றார் வர்க்கி.