பொட்டாசியம் 7.1: சென்னையில் என் முதல் கோடை

1. ஏழாவது வீடு

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கு ஏழு வீடுகள் கொடுத்தார்கள். ஆறு வீடுகளை எப்படியோ முடித்துவிட்டேன். ஏழாவது வீட்டில் ஊசி குத்தக் குனிந்தபோது என் நெற்றி வியர்வை ஒரு சொட்டு பேஷண்டின் முழங்கையில் விழுந்தது. அந்த அம்மாள் கையை இழுத்துக்கொண்டார். முதலில் ஃபேனுக்குக் கீழே உட்காரும்படியும் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வந்து லேபில் சேர்ப்பதுதான் என் வேலை. ஹோம் கலெக்‌ஷன் என்பார்கள். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருநெல்வேலியில் டிப்ளமோ முடித்து, தென்காசியில் ஒரு கிளினிக்கில் இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தேன். எந்தக் கையிலும் நரம்பு பிடித்துவிடுவேன் என்ற திமிர் கொஞ்சம் உண்டு. சித்திரை மாதத்தில் சென்னைக்குப் போய் இறங்கியதும் அந்தத் திமிர் ஒரே வாரத்தில் போய்விட்டது.

தென்காசியிலும் வெயில் உண்டு. ஆனால் சாயங்காலமானால் செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று வந்து சட்டையைக் காயவைத்துவிடும். சென்னையில் சட்டை காயவே இல்லை. காலை ஆறு மணிக்கே கையுறைக்குள் வியர்வை தேங்கும். கையில் கட்டுகிற ரப்பர் பட்டை வழுக்கும். பார்கோடு ஸ்டிக்கரை ட்யூபில் ஒட்டினால் விரல் ஈரத்தில் பாதி என் விரலோடு வந்துவிடும். கடல்காற்று மதியம் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் ஹாஸ்டல் தெருவுக்கு அது வந்ததாக எனக்கு நினைவில்லை.

என் அறை மொட்டைமாடிக்கு நேர் கீழே. பகலெல்லாம் காய்ந்த சுவர் இரவில் சூட்டைக் கக்கும். நான் போனில் தென்காசியின் வெப்பநிலையையும் சென்னையின் வெப்பநிலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

2. தண்ணீர் குடிக்காத வாரம்

ஸ்கூட்டியில் ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர் சுற்றுகிறவளுக்கு வெயிலைவிடப் பெரிய பிரச்சினை பாத்ரூம். பேஷண்ட் வீட்டில் கேட்கக் கூச்சம். வழியில் இடம் தெரியாது. அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். காலையில் அரை டம்ளர், மத்தியானம் லேபுக்குத் திரும்பிய பிறகு மீதி.

எட்டாவது நாள் அடிவயிற்றில் வலியும் எரிச்சலுமாக இருந்தது. நானே என் சிறுநீர் சாம்பிளைக் கொடுத்தேன். ரிப்போர்ட்டில் சீழ் அணுக்கள் ஏராளம் என்று வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் கிளை மேனேஜர் சந்திரா மேடம் என்னைக் கூப்பிட்டார். அவர் ஐம்பது வயதுக்காரர், இதே வேலையில் ஸ்கூட்டி ஓட்டித் தொடங்கியவர்.

"தண்ணி குடிக்கிறதில்லையா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் தன் போனை எடுத்து ஒரு மேப்பை எனக்கு அனுப்பினார். அதில் முப்பதுக்கு மேல் புள்ளிகள். சுத்தமான பாத்ரூம் உள்ள பெட்ரோல் பங்க், கேள்வி கேட்காத ஆஸ்பத்திரி, கதவைத் திறந்துவிடுகிற டெய்லர் கடை. பத்து வருடமாக எங்கள் லேப் பெண்கள் ஒவ்வொருவராகச் சேர்த்த பட்டியல். அதற்குப் பிறகு தினமும் வழியில் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தேன். இந்த வேலைக்கு வருகிற பெண்கள் போகிற ஊரில் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பட்டியலைத்தான்.

உடம்பு தேறியது. மனது தேறவில்லை. அம்மா தினமும் சாயங்காலம் போன் பண்ணுவாள். அவளுக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறைகளை மேற்பார்வை பார்க்கிற வேலை. "இங்கன இப்பவே காத்து அள்ளுதுட்டி. நீ அங்கன வேக்காட்டுல கெடக்க" என்பாள். பாசத்தில் சொல்வதுதான். எனக்கு எரிச்சலாக வரும். நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன்.

3. கூல் பாக்ஸ்

வைகாசி பிறந்த வாரத்தில் எங்கள் குழுவில் ஒருவர் கொண்டுவந்த சாம்பிள்கள் சூடாகிவிட்டன. சர்க்கரை அளவெல்லாம் தப்பும் தவறுமாக வந்து, பல வீடுகளில் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று. அன்று எல்லோருக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. நான் புதியவள் என்பதால் எனக்கு விழுந்ததாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் என் கூல் பாக்ஸில் வழக்கமாக வைக்கும் இரண்டு ஐஸ் பேக்குகளுக்குப் பதில் நான்கு வைத்தேன். இடம் போதவில்லை. ஐஸ் பேக்குக்கும் ட்யூபுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஸ்பாஞ்ச் தட்டை எடுத்து ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டேன். ரத்தம் ஐஸில் நேராகப் படக்கூடாது என்று படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். பட்டால் சிவப்பணுக்கள் உடையும். உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து அளவைக் கூட்டிக் காட்டும். இதெல்லாம் தெரிந்தவள்தான், அன்று சூட்டைத் தவிர வேறொன்றையும் நினைக்கவில்லை.

அன்று முதல் வீடு ராமநாதன் சாருடையது. ஓய்வுபெற்ற ஆசிரியர், சிறுநீரகத்தில் கொஞ்சம் பிரச்சினை. மாதம் ஒருமுறை ரத்தம் பார்ப்பார். சேர்ந்த புதிதில் நான் போனபோது அவர் மனைவி கமலா அம்மா மோர் கொடுத்திருந்தார். ஏழு மணிக்கு முன்பே எடுத்துவிட்டேன். பத்தேகாலுக்கு லேபில் பாக்ஸைத் திறந்தபோது அவருடைய ட்யூப் ஐஸ் பேக்கோடு ஒட்டியிருந்தது. லேசாக இழுத்துத்தான் எடுத்தேன். ட்யூபின் ஒரு பக்கம் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. துடைத்தேன். கவுண்டரில் கொடுத்தேன். அடுத்த சுற்றுக்குக் கிளம்பிவிட்டேன்.

ஒன்றேகால் மணிக்குத் திரும்பி வந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். ராமநாதன் சாருக்குப் பொட்டாசியம் 7.1. இதயம் நின்றுபோகக்கூடிய அளவு. அவருடைய டாக்டருக்குப் போன் போய், அவர் உடனே எமர்ஜென்ஸிக்குப் போகச் சொல்லி, அவர்களும் கிளம்பிவிட்டார்களாம்.

எனக்கு அந்த வெள்ளைப் பனிதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

டப்பாவை மூடிவிட்டு எழுந்தேன். கீழே போய் ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்தேன். எங்கே போவதற்கென்று தெரியவில்லை. அணைத்தேன். மறுபடி மேலே வந்தேன். முகம் கழுவினேன். ஆஸ்பத்திரியில் எப்படியும் மறுபடி டெஸ்ட் எடுப்பார்கள், சரியாக வரும், மெஷின் கோளாறு என்று விட்டுவிடுவார்கள், யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை என்று மனது ஒரு பக்கம் சொன்னது. அதற்குள் அவருக்கு ஊசி போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று இன்னொரு பக்கம் கேட்டது. இல்லாத பொட்டாசியத்தைக் குறைக்க மருந்து கொடுத்தால் இருக்கிறதும் இறங்கிவிடும். மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் சாம்பிள் ரேக்குக்குப் போய் அவருடைய ட்யூபை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். மேலே நிற்கும் சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். மாதுளை ஜூஸ் நிறத்தில் இருந்தது. மெஷினில் ஏற்றியவர் அன்று தற்காலிகமாக வந்தவர், கவனிக்கவில்லை.

ட்யூபைக் கையில் வைத்துக்கொண்டு சந்திரா மேடம் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ட்யூபைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"திட்டறதை அப்புறம் வச்சுக்கறேன். முதல்ல அவங்களுக்குப் போன் பண்ணு. ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம்னு சொல்லாத, அதைச் சொல்ல நாம யாரு? போகட்டும். ஆனா டாக்டர்கிட்ட நீ நேர்ல போய்ச் சொல்லு."

கமலா அம்மா போனை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியின் எமர்ஜென்ஸிக்கு மேடமே போன் போட்டுப் பார்த்தார், லைன் கிடைக்கவில்லை. நான் கிளம்பினேன். ஊரே வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்த நேரம். சிக்னலில் நின்றபோது ஹேண்டில்பாரைப் பிடிக்க முடியாமல் துப்பட்டாவைச் சுற்றிப் பிடித்தேன். அந்த ஒரு சவாரியில்தான் எனக்கு வெயில் உறைக்கவில்லை.

எமர்ஜென்ஸியில் ராமநாதன் சார் நெஞ்சில் ஒயர்களோடு படுத்திருந்தார். தட்டில் ஊசி மருந்து எடுத்து வைத்திருந்தார்கள். இளம் டாக்டர் ஒருவரிடம் போய், நான்தான் சாம்பிள் எடுத்தவள், ட்யூப் ஐஸில் பட்டு சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன, அந்த அளவை நம்ப வேண்டாம் என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். ஈசிஜி சாதாரணமாக இருப்பதால் தனக்கும் சந்தேகம்தான் என்றார். இவ்வளவு பெரிய அளவுக்குக் காத்திருக்கவும் பயமாக இருந்தது என்றார். நர்ஸிடம் ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டு, புதிதாக எடுத்த ரத்தத்தின் ரிசல்ட் வரட்டும் என்று சொல்லி என்னை வெளியே அனுப்பினார்.

முக்கால் மணி நேரத்தில் ரிசல்ட் வந்தது. 4.6. ஒன்றுமே இல்லை.

வெளியே பெஞ்சில் கமலா அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை.

"ஆட்டோல வரும்போது அவர் பையனுக்குப் போன் பண்ணினார்மா. வீட்டுப் பத்திரம் எந்த அலமாரில இருக்கு, எனக்கு எந்த மாத்திரை ஒத்துக்காது, எல்லாம் சொல்லி முடிச்சிட்டார். நான் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டே வந்தேன்."



4. சாரல்

ஒரு வாரம் லீவில் போகச் சொன்னார்கள். தண்டனையா பரிவா என்று தெரியவில்லை. செங்கோட்டை ரயிலில் ஏறினேன். விடிந்தபோது மலை முழுக்க மேகம் மூடியிருந்தது. தென்காசியில் இறங்கினால் முகத்தில் தூறல். அந்த வருடம் சாரல் கொஞ்சம் முன்னாலேயே தொடங்கிவிட்டது.

மேலகரத்தில் எங்கள் வீட்டில் போர்த்திக்கொண்டு தூங்கினேன். முதல் நாள் பத்து மணி நேரம். இரண்டாம் நாள் நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. எடுக்க ரத்தம் இல்லை, போக வீடு இல்லை. குற்றாலத்துக்கு நடந்தேன். மெயின் அருவியில் கூட்டம் நெரிந்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்டவர்கள் சிரித்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார்கள். ஒரு மாதமாக இதைத்தான் நினைத்து ஏங்கிக் கிடந்தேன். இப்போது ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. ஈரத்தோடு லாட்ஜுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் தலையணை உறை மாற்றிக்கொண்டே கேட்டாள். "சோலி போதும்ட்டி. இங்கன ஆஸ்பத்திரியில ஆளு கேக்காங்க. நாளைக்கே போய்ப் பாரு. எதுக்கு அங்கன போயி சீரழியுத?"

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. மறுநாள் அந்த ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன். உள்ளே போகாமல் கமலா அம்மாவுக்குப் போன் செய்தேன். சார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறார் என்றார். பிறகு தயங்கி, "அடுத்த மாசத்துலேர்ந்து வேற யாரையாவது அனுப்பச் சொல்லும்மா. உன் மேல கோபம் இல்ல. அவருக்குப் பயமா இருக்கு" என்றார்.

அன்று சாயங்காலமே திரும்பிப் போக டிக்கெட் எடுத்தேன். அம்மாவுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்லத் தெரிகிறது. அந்த மழையில் நான் இருந்தால் ஒளிந்துகொண்டிருப்பதாகவே எனக்குப் படும்.

5. இருபது நிமிடம்

சென்னை ஆனி மாதத்திலும் கொதித்தது. எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். நடந்ததை எழுதினேன். தவறு தெரிந்த உடனே மேனேஜரிடம் தெரிவித்தேன் என்று முடித்தேன். சந்திரா மேடம் மாதக் கூட்டத்தில் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, தப்பு எல்லோரும் செய்வோம், உடனே வந்து சொல்வதற்குத்தான் தைரியம் வேண்டும் என்றார். சிலர் கை தட்டினார்கள். என்னால் உட்கார முடியவில்லை.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் அவர் அறைக்குப் போய், உடனே சொல்லவில்லை மேடம், இருபது நிமிடம் படியில் ஏறி இறங்கினேன், சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன் என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நான் முதல் தடவை சொல்றதுக்கு ஒரு நாள் முழுக்க எடுத்துக்கிட்டேன்" என்றார். எழுதிக் கொடுத்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். 'உடனே' என்பதை அடித்துவிட்டு 'இருபது நிமிடம் கழித்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு அங்கே நான்கு கோடைகளைப் பார்த்தேன். இப்போது தென்காசியில் ஒரு கலெக்‌ஷன் சென்டருக்குப் பொறுப்பு. சீசனில் குற்றாலம் லாட்ஜுகளிலிருந்து நிறைய அழைப்பு வரும். சாம்பிள் சூடாகிற பயம் கிடையாது.

போன சீசனில் ஒரு லாட்ஜில் அண்ணன் தம்பி இருவருக்கும் நானே ரத்தம் எடுத்தேன். சென்டருக்குத் திரும்பி ட்யூப்களை அடுக்கும்போது, இருவருடைய ஸ்டிக்கரையும் மாற்றி ஒட்டிவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. ரிப்போர்ட் இன்னும் போகவில்லை. யாருக்கும் தெரியாது. வெளியே மழை. போனை எடுத்து மேஜையில் வைத்தேன். மறுபடி எடுத்தேன். பிறகு லாட்ஜுக்கு அடித்து, தப்பு என்னுடையது, திரும்ப வந்து எடுக்கிறேன் என்று சொன்னேன்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். சந்தேகம் வந்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது. இத்தனை வருடத்தில் இவ்வளவுதான் குறைக்க முடிந்திருக்கிறது.