ஆள் பார்த்து நிற்கும் பஸ்

எங்கள் ஊர் சிலமலைக்கு விடியற்காலையில் இரண்டு வண்டிகள் வரும். ஒன்று, ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு. அது தெருவுக்குள்ளேயே வந்து வாசல் வாசலாக ஹாரன் அடிக்கும். "வெரசா வாங்காத்தா, லோடு கெளம்புது" என்று டிரைவர் கத்துவார். லோடு என்பது பெண்கள்தான். இன்னொன்று, போடிக்குப் போகும் டவுன் பஸ். அதற்கு நாங்கள்தான் நிறுத்தத்தில் போய் நிற்க வேண்டும். அது நின்றாலும் நிற்கும், நிற்காமலும் போகும்.

அம்மா ஜீப்பில் போகிறவள். நான் பஸ்சை நம்பியவள். ஏலக்காய் எடுக்கிறவளை வாசலில் வந்து கூப்பிடுகிறார்கள். அவள் படிக்க வைத்த மகளைக் கண்டதும் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார்கள். இதைச் சிரித்துக்கொண்டே சொல்லும் பக்குவம் எனக்கு வரவில்லை, வரவும் வேண்டாம்.

மலைக்கு அந்தப் பக்கம், பூப்பாறையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியனாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆளும் நான்தான், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய முதல் ஆளும் நான்தான். சிலமலையிலிருந்து டவுன் பஸ்சில் போடி. அங்கிருந்து மலை பஸ். அடிவாரத்து முந்தல் தாண்டியதும் வளைவு வளைவாக ஏறி, போடிமெட்டில் எல்லையைக் கடந்து, மறுபடி இறங்க வேண்டும். முதல் வாரம் வளைவுக்கு ஒரு தடவை குமட்டியது. பிறகு கையில் எலுமிச்சம்பழம், பையின் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு தூக்கம், மெட்டுக்குளிர் முகத்தில் அடித்ததும் சால்வை என்று பழகிக்கொண்டேன். மலையை நான் சமாளித்துவிட்டேன். சமாளிக்க முடியாதது எங்கள் ஊர் நிறுத்தம்தான்.

டவுன் பஸ்சை விட்டால் மலை பஸ்சையும் விட்டதுதான். அடுத்ததைப் பிடித்துப் போவதற்குள், வெறும் வயிற்றில் சோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் சுவரில் சாய்ந்துவிடுவார்கள்.

முதல் தடவை பஸ் நிற்காமல் போனபோது எனக்குக் காரணம் புரியவில்லை. லைட்டை எங்கள் முகத்தில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். காய்கறிக் கூடையோடு நின்ற ஒரு அக்கா சொன்னார்: "புதுசாத்தா நீ? நம்ம ஓசி டிக்கெட்டுல்ல. ஆம்பள நின்னாத்தான் நிப்பான்."

அதற்கு ஒரு ஏற்பாடும் வைத்திருந்தார்கள். நிறுத்தத்தை ஒட்டி ஒரு டீக்கடை. பஸ் சத்தம் கேட்டதும் பெண்கள் எல்லாரும் கடைச் சுவருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வார்கள். டீக்கடைக்காரர் ரோட்டோரம் வந்து கையை நீட்டுவார். பஸ் நிற்கும். சுவருக்குப் பின்னாலிருந்து கூட்டமாக ஓடிவந்து ஏற வேண்டும். அவர் ஏற மாட்டார். கடைக்குத் திரும்பிப் போய்ப் பால் கொதித்துவிட்டதா என்று பார்ப்பார். ஊரில் மற்ற ஆண்களெல்லாம் பைக்கில் போகிறார்கள். எங்கள் அப்பா தோட்டத்திலேயே காவலுக்குத் தங்கி, வாரம் ஒருமுறைதான் இறங்குவார். ஆகவே அந்த நேரத்தில் நிறுத்தத்துக்கு ஒரே ஆம்பளை டீக்கடைக்காரர்தான்.

"அண்ணன் கை நீட்டலேன்னா ஒங்களுக்கு ஏது பஸ்சு? ஒரு கும்பிடு போட்டுட்டு ஏறுங்கத்தா" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

ஒருநாள் கண்டக்டரிடம் காசை நீட்டினேன். "எனக்குக் காசுக்கே டிக்கெட் குடுங்க."

"மிசின்ல வராது தாயி. பொம்பளைன்னா சைபர்தான்" என்றார்.

சலுகையை நான் எழுதிப்போட்டு வாங்கவில்லை. அதைக் கொடுத்தவர்களிடம் ஒன்றும் கேட்கத் துணியாதவர்கள், வாங்குகிறவர்கள் முகத்தில் புகையை விட்டுவிட்டுப் போகிறார்கள். என் அம்மாவின் விரல்களில் ஏலக்காய்க் கறை நகக்கண் வரை கறுத்துக் கிடக்கிறது. அவள் பறித்த காய் மலை இறங்கி எத்தனையோ பேரைக் காரில் ஏற்றியிருக்கிறது. அவள் மகளுக்கு ஒரு டவுன் பஸ்சில் நிற்க இடம் கொடுப்பது ஓசியாம்.

இரண்டாவது தடவை பஸ் நிற்காமல் போன அன்று நான் ஒளியவில்லை. என் ஊரில், என் நிறுத்தத்தில், களவாணி மாதிரி சுவருக்குப் பின்னால் நான் ஏன் பதுங்க வேண்டும்? டீக்கடைக்காரருக்குப் பக்கத்திலேயே பையோடு நின்றேன். பஸ் வேகம் குறைந்து வந்தது. என் துப்பட்டா லைட்டில் தெரிந்திருக்கும். அப்படியே கியரை மாற்றிக்கொண்டு போய்விட்டது.

சுவருக்குப் பின்னாலிருந்து வந்தவர்கள் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "ஒன் ரோசத்துக்கு எங்க சோலி போச்சு!" என்றார் கூடைக்கார அக்கா.

போடியில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. "நீ படிச்சவ, எங்கிட்டும் பொழைச்சுக்குவ. என்னய மொதலாளி எல்லாரு முன்னாடியும் நிக்கவச்சுத் திட்டுவான்."

"நிக்காமப் போன பஸ்ச விட்டுட்டு, நின்ன என்னயத் திட்டுறீகளே" என்றேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அன்று ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, தோட்டத்து அம்மா ஒருவர் பெஞ்சில் சுருண்டு படுத்திருந்தார். லேப்புக்குப் பொறுப்பான சேச்சி கோபத்தைக் காட்டாமல்தான் பேசினார். "மோளே, இனி ஒரு திவசம் கூடி லேட்டாயால் ஞான் வேறெ ஆளெ நோக்கும், கேட்டோ." இன்னொரு நாள் தாமதமானால் வேறு ஆள். நான் தற்காலிகம். நிரந்தரமா இல்லையா என்பது அந்த மாதக் கடைசியில் தெரியும்.

வீட்டில் சொன்னேன். "பேசாம ஒன்கூட ஜீப்புல வந்து மெட்டுல எறங்கிக்கிறேம்மா."

அம்மா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "ஜீப்புல ஏறவா ஒன்னயப் படிக்க வச்சேன்? ஆளுக மேல ஆளா அடைஞ்சு போறது என்னோட போகட்டும். நீ பஸ்சுலதான் போகணும். நாளைக்கு ஒளிஞ்சே நில்லு."

ஒளிந்தேன். ஒவ்வொரு காலையும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கைநீட்டலுக்காகக் காத்திருந்தேன். ரத்தத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் படிப்புப் படித்தவள்.

மாதக் கடைசி நெருங்கும்போது டீக்கடைக்காரர் மச்சினன் கல்யாணத்துக்குப் போய்விட்டார். கடை பூட்டிக் கிடந்தது. நிறுத்தத்தில் நாங்கள் பெண்கள் மட்டும். தூரத்தில் பஸ் லைட் தெரிந்தது.

அப்போதுதான் அம்மா, நான் வீட்டில் மறந்துவிட்டு வந்த தூக்குவாளியோடு வேகமாக வந்தாள். தோட்டத்துக்குப் போகும் கோலத்தில் இருந்தாள். மலையில் குளிருக்கும் அட்டைக்கும் பயந்து எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் போடுவதுதான்: சேலைக்கு மேலே அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிச் சுற்றிய துண்டு. தூக்குவாளியை என்னிடம் கொடுத்துவிட்டு, சேலையைக் கைலி மாதிரி தூக்கிச் செருகிக்கொண்டு, ரோட்டோரம் காலை அகட்டி நின்றாள். டீக்கடைக்காரரைப் போலவே கையை இடுப்பளவில் நீட்டி, விரலை மட்டும் அலட்சியமாக ஆட்டினாள்.

பஸ் நின்றது.

டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். "ஏம்மா, ஓசியில போறதுக்கு ஆம்பள வேசம் வேறயா?"

அம்மா பஸ்சுக்கு நேர் முன்னால் போய் நின்றுகொண்டு, துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டாள். "நான் ஏறல தம்பி. எம் மகதான் ஏறுறா. ரத்தம் எடுத்துச் சோதிக்கிற சோலி அவளுக்கு. நாளைக்கு ஒங்க ஆத்தாளுக்குச் சக்கரைன்னா அவகிட்டத்தான் கையை நீட்டணும். அப்ப அவ நிக்காமப் போனா நல்லாருக்குமா?"

பஸ்சுக்குள் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். பின்னால் ஜீப்பு வந்து ஹாரன் அடித்தது. "யக்கா, பஸ்ச மறிச்சது போதும், ஏறு!" என்று ஜீப்பு டிரைவர் கத்தினார். கடைசிப் பெண் படியில் ஏறும் வரை அம்மா நகரவில்லை. எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஜன்னலோரம் நின்று போடி வரை நான் நினைத்தது வேறு. அந்தச் சட்டைக்குத்தான் பஸ் நின்றது. அம்மாவுக்கு நிற்கவில்லை.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஊர்ப் பெண்களுக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துப்போனது. டீக்கடைக்காரர் திரும்பி வந்த பிறகும் அவர் கையை எதிர்பார்க்கவில்லை. டீக்கடைக் கதவுக்கு வெளியே ஓர் ஆணியில் ஒரு பழைய சட்டையையும் துண்டையும் மாட்டிவிட்டார்கள். தினம் ஒருத்தி போட்டுக்கொண்டு நிற்பது என்று முறை வைத்தார்கள். இருட்டில் ஆணா பெண்ணா என்று தெரியாமல் டிரைவரும் நிறுத்தினார். ஜவுளிக்கடைப் பெண் மீசையை முறுக்குவது போல நடித்துக் காட்டினாள். "மாப்ளே, டிக்கெட்டு எடுத்தாச்சா?" என்று கூடைக்கார அக்கா அவளைக் கேலி செய்தார். சிரிப்பும் கும்மாளமும்தான். எதற்காகச் சிரிக்கிறோம் என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

என் முறை வந்தது. மாதம் முடிய இன்னும் சில நாள் இருந்தது. முதல்நாள் ராத்திரியே அம்மா சொல்லிவிட்டாள்: "ஒரு நாளைக்குத்தானே, போட்டுக்க. சோலி முக்கியமில்லையா?"

முக்கியம்தான். சட்டையை ஆணியிலிருந்து எடுக்கும்வரைகூடப் போட்டுக்கொள்ளும் எண்ணத்தில்தான் இருந்தேன். காலரில் யாருடைய வியர்வையோ அடித்தது. ஒரு கையை நுழைத்தவள் உருவிவிட்டேன். இந்தச் சட்டைக்குள் ஒளிவதற்கும் சுவருக்குப் பின்னால் ஒளிவதற்கும் என்ன வித்தியாசம்?

"ஏத்தா, வந்துட்டான், போடு!" என்று கத்தினார்கள்.

சட்டையை ஆணியில் திரும்ப மாட்டினேன். துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டு, ரோட்டோரத்தில் நிற்காமல், தார் ரோட்டுக்கு நடுவில் போய் நின்றேன். லைட்டில் கண் கூசியது. பஸ் நிற்காவிட்டால் வேலை போகும் என்று மட்டுமே யோசித்தேன். வேறு என்னவெல்லாம் போகும் என்பது பிறகுதான் உறைத்தது. ஹாரன் அடித்துக்கொண்டே வந்து, பிரேக் கிறீச்சிட, எஞ்சின் சூடு முகத்தில் அடிக்கும் தூரத்தில் நின்றது.

"சாகணுமா ஒனக்கு?" என்று கத்தினார் டிரைவர்.

"ஏறணும்" என்றேன்.

நகராமல் நின்றேன். சுவருக்குப் பின்னாலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். அன்று யாரும் ஓடவில்லை, நடந்து வந்து ஏறினார்கள். கடைசியாக நான் ஏறினேன். கண்டக்டர் சைபர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். மலை பஸ் கிடைத்தது. நேரத்துக்குப் போனேன். மாதக் கடைசியில், "மோள் இனி இவிடத்தெ ஆளாணு" என்றார் சேச்சி. இனி இங்கத்து ஆள்.

அந்தச் சட்டை இன்னும் ஆணியில் தொங்குகிறது. மற்ற நாட்களில் மற்றவர்கள் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களைத் திட்ட முதலாளிகள் காத்திருக்கிறார்கள். என் முறை வரும் நாளில் மட்டும் அது ஆணியிலேயே கிடக்கும். அம்மாவின் ஜீப்பு அந்நேரம் தெருவுக்குள் வாசல் வாசலாக ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். நான் தார் ரோட்டுக்கு நடுவில் நிற்பேன்.