கிடா மேய்ந்த புல்தரை

ஒத்தக்கடையில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு முன்னால் ஒரு புல்தரை இருந்தது. இருந்தது என்று சொல்வதே அதிகம். வீட்டைக் கட்டி விற்றவர், வாங்க வருகிறவர்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று பாய் பாயாகப் புல்லை வாங்கி விரித்திருந்தார். பால் காய்ச்சிக் குடிபோன கோடையிலேயே அது சொறிநாயின் முதுகு மாதிரி ஆகிவிட்டது. அங்கங்கே ஒரு கொத்துப் பச்சை, மற்றதெல்லாம் மொட்டை. நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் புல்லைப் பிடுங்கி வரப்பில் எறிந்த சம்சாரிக் குடும்பம் எங்களுடையது. புல்லுக்குப் போய்த் தண்ணீர் ஊற்றுவது பொழுதுபோகாதவர்கள் செய்கிற வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு காளவாசலில் சாலையைக் கடக்கும்போது என் மனைவியை ஒரு வேன் இடித்துத் தள்ளியது. தொடை எலும்புக்குக் கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, பயம் போகவில்லை. டைல்ஸ் தரையில் ஒருமுறை வழுக்கி விழுந்த பிறகு ஊன்றுகோல் இல்லாமல் ஓர் அடி வைக்க மறுத்தாள். புல்தரையில் வெறுங்காலோடு நடந்து பழகட்டும், விழுந்தாலும் பெரிதாக அடிபடாது என்றார் பயிற்சி கொடுக்க வந்தவர்.

அவளுக்கும் ஓர் ஆசை இருந்தது. மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். முதல் நாள் சாயங்காலம் தாய்மாமன் சீர் வாசலுக்கு வரும். எங்கள் பக்கத்தில் பிள்ளையைப் பெற்றவள்தான் எதிரே போய், அண்ணனுக்கு ஆரத்தி எடுத்து உள்ளே அழைக்க வேண்டும். தட்டைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். ஊன்றுகோலை எந்தக் கையால் பிடிப்பது?

"கம்பு இல்லாம கேட்டு வரைக்கும் நடந்துட்டாப் போதுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

அதற்காகத்தான் புல்லைத் தொட்டேன். தொட்டதும் கெடுத்தேன். நெல்லுக்கு வீசுகிற வழக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் யூரியாவை அள்ளி வீசினேன். வாரம் முடிவதற்குள் என் கைவீச்சு விழுந்த இடமெல்லாம் வைக்கோல் நிறத்தில் கருகியது. சரி, தண்ணீர் பற்றவில்லை போலிருக்கிறது என்று சுற்றிலும் வரப்புப் போட்டுத் தேக்கினேன். மிச்சமிருந்ததிலும் ஒரு மூலை தவிர மற்றதெல்லாம் வேர் அழுகி நாறியது. விவசாயி மகன் என்ற திமிர் அதோடு அடங்கியது.

மொட்டை இடங்களைக் கொத்திப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. புல் பாய்க்கு அடியில் மண்ணே இல்லை. செங்கல் துண்டும் காய்ந்த சிமெண்டுக் கட்டியும்தான். விற்றவரை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே அத்தனையையும் அள்ளி வெளியே போட்டேன். செம்மண்ணும் மட்கிய சாணமும் நிரப்பினேன். நன்றாக இருந்த மூலையிலிருந்து புல்லைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, நாற்று நடுவதைப் போலக் குனிந்து நட்டேன். காலையில் மட்டும் தண்ணீர் தெளித்தேன். வேர் பிடிக்கும் வரை கத்தரிக்கோல் படாமல் விட்டேன்.

புல் பிடித்துக்கொண்டது. ஒரு திட்டு அடுத்த திட்டைப் போய்த் தொட்டது. அவளும் இறங்கினாள். முதலில் என் தோளைப் பிடித்து, அப்புறம் சுவரைப் பிடித்து, அப்புறம் எதையும் பிடிக்காமல். கடைசியில் எவர்சில்வர் தட்டில் தண்ணீர் நிரப்பி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தாள். சேலை முன்பக்கம் முழுக்க நனைந்துவிடும். புல்லுக்கு அதுவும் தண்ணீர்தானே என்று கேலி செய்வேன். தட்டில் பாதித் தண்ணீர் மிஞ்சியபடி கேட்டைத் தொட்ட அன்று சிரித்தாள். அந்த விபத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து சீர் வந்தது. தெருமுனையிலேயே வேட்டு, டிரம் செட், வரிசைத் தட்டு, மாலை போட்ட மூன்று கிடா. அவள் ஆரத்தித் தட்டோடு புல்லில் இறங்கினாள். கால் கொஞ்சம் சாய்ந்தது, தட்டு சாயவில்லை. பாதி தூரம் வந்திருப்பாள். அவளுடைய அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்.

"நீ எதுக்குத்தா சிரமப்படுற? நாங்க என்ன வேத்தாளா?" என்று தட்டை வாங்கி, பக்கத்தில் நின்ற என் அக்காவிடம் கொடுத்தார். அக்காவும் அதற்காகவே காத்திருந்ததுபோல வாங்கிக்கொண்டு போய் ஆரத்தி சுற்றினாள். யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து புல்லின் நடுவில் போட்டு அவளை உட்காரவைத்தார்கள். தங்கச்சி மேல் எம்புட்டுப் பாசம் பாரு என்று கூட்டம் மெச்சியது. அவள் நடந்து வந்துகொண்டிருந்தாள் என்பது அத்தனை பேரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. நொண்டி ஒருத்தி வழியில் நின்றாள், அவ்வளவுதான் பார்த்தார்கள்.

மறுநாள் குலசாமி கோயிலில் வெட்டும் வரை கிடாக்களை எங்காவது கட்ட வேண்டும். புல்தரைக் குழாயில் கட்டினார்கள். வெளியே கம்பத்தில் கட்டலாமே என்றேன். மச்சான் முகம் சுருங்கியது.

"எங்க கிடா உங்க புல்லத் திங்கக் கூடாதோ மாப்ள? புல்லுதான, முளைச்சிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். இதற்கு மேல் பேசினால் சீரையே அவமதித்ததாக ஆகிவிடும். கிடாக்கள் நாற்காலியைச் சுற்றி வேரோடு கரம்பின. ஒரு கிடா அவள் காலடிக்கே வந்தது. அவள் கம்பி வைத்த காலை இரண்டு கையாலும் தூக்கி, அது மேய இடம் கொடுத்தாள்.

விருந்தெல்லாம் முடிந்து சனம் கலைந்த பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். எங்கே பார்த்தாலும் குளம்புத் தடமும் புழுக்கையும். நடுவில் நாற்காலிக்கால் பதிந்த நான்கு குழிகள். குழாயைத் திறந்தேன். அவள் ஊன்றுகோலோடு கதவருகில் நின்றாள்.

"இனிமே அதுக்குத் தண்ணி ஊத்தாதீங்க. நான் நடந்து யாரக் கூப்புடப் போறேன்?"

குழாயை மூடிவிட்டு உள்ளே வந்தேன்.