நாற்பதோடு இருபது

வளைவுக்கு முன்னால் நிற்கும் மஞ்சள் பலகையில் நாற்பது என்றிருந்தால், ரொட்டி வண்டிக்காரர் இருபதைக் கூட்டிக்கொள்வார். ஒரு முழங்கை ஜன்னலில் இருக்கும். மறு கையால் ஸ்டீயரிங்கைச் சுழற்றுவார். பின்னால் தட்டுகள் ஒருபக்கமாகச் சரிந்து, வளைவு முடிந்ததும் தடதடவென்று திரும்பி வரும்.

“நாப்பதுங்கிறது இந்த ரோட்டுக்குப் புதுசா வர்றவனுக்கு. நமக்கெதுக்கு? அபராதமா போடப்போறான்?” என்பார்.

நசுங்கிய ரொட்டியைக் கடைக்குக் கொடுக்கமாட்டார், வீட்டுக்குத்தான் எடுத்துப்போவார். மனைவி பையைத் திறந்து பார்த்ததுமே, “இன்னிக்கும் பறந்துதான் வந்தீங்களாக்கும்?” என்பாள்.

பலகைகளை நடுகிறவன் அவளுடைய தம்பி. சாலைத் துறையில் வேலை. வீட்டுக்கு வந்தால் அவனைச் சீண்டாமல் விடமாட்டார்.

“ஏன் மச்சான், உங்க ஆபீஸுக்கு எல்லாரும் மாட்டுவண்டியிலதான் வர்றீங்களா?”

அவன் சிரித்துக்கொண்டே, “நீங்க மெதுவாப் போங்க மாமா. அக்கா பாவம்,” என்பான்.

போன செவ்வாய்க்கிழமை காலை, மழை விட்டிருந்தது. வளைவின் நடுவே, சாய்ந்துபோன அம்புக்குறிப் பலகையை இரண்டு பேர் நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். திரும்பிய பிறகுதான் வண்டிக்காரர் பார்த்தார். பிரேக்கை மிதித்தும் வண்டி ஈரத்தில் வழுக்கிக்கொண்டே போய், சிவப்புக் கூம்புகளைச் சிதறடித்துவிட்டு நின்றது. ஒருவர் ஓரமாக ஒதுங்கிவிட்டார். இன்னொருவன் பள்ளத்தில் குதித்திருந்தான்.

“யாருய்யா அது? கண்ணு அவிஞ்சு போச்சா?”

சேற்றிலிருந்து ஏறி வந்தவன் முகத்தை வழித்துவிட்டுப் பார்த்தான். குரல் தாழ்ந்துபோனது.

“மாமா... நீங்களா?”

அவன் இரண்டு அறை விட்டிருந்தால்கூட வண்டிக்காரர் வாங்கிக்கொண்டு போயிருப்பார். அவனோ கூட வந்த மேஸ்திரியிடம், “நம்ம மாமாதாண்ணே. பிரேக் பிடிக்கல போல,” என்றான். பிறகு கிட்டே வந்து, “அக்காகிட்ட சொல்லமாட்டேன். நீங்க கிளம்புங்க,” என்றான்.

வண்டிக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. “பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு, மேஸ்திரி. நான்தான் வேகமா வந்தேன்,” என்றார்.

அப்போதுதான் பார்த்தார். மச்சினன் ஒரு காலில் பூட்ஸ் இல்லாமல் நின்றுகொண்டிருந்தான். அவர் பள்ளத்தில் இறங்கி, சேற்றில் கை விட்டு அந்த ரப்பர் பூட்ஸைப் பிடுங்கி எடுத்தார். தன் சட்டை முனையால் உள்ளும் புறமும் துடைத்தார். அவன் காலடியில் முட்டிபோட்டு உட்கார்ந்தார்.

“ஐயோ, என்ன மாமா இது! விடுங்க, விடுங்க!”

அவர் தலை நிமிரவில்லை. கால் நுழைவதற்கு வசதியாகப் பூட்ஸின் வாயை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தபடியே இருந்தார்.