பாகுக்காரரின் கணையம்

மிட்டாய் ஆலையில் அவருக்குப் பாகுக்காரர் என்றே பெயர். முப்பது வருடமாக அரை மணிக்கொரு கரண்டி பாகைச் சுவைத்துப் பதம் சொல்பவர். மற்றவர்கள் சுவைத்துவிட்டுத் துப்புவார்கள். அவர் விழுங்குவார். "துப்பினா பாதி ருசிதான் தெரியும்" என்பார். திமிர்தான், வேறென்ன?

வருடாந்திர ரத்தப் பரிசோதனைக்கு முதல்நாள் முழுக்கப் பட்டினி கிடப்பார். வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு ஒழுங்காக வரும். "பாத்தியா!" என்று மனைவியிடம் சீட்டை நீட்டுவார். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

இந்த வருடம் ஆலைக்கு வந்த புது டாக்டர், பாகு விஷயத்தையும் பட்டினி விஷயத்தையும் கேட்டறிந்து, அவரைச் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார். பிறகு எடுத்த ரத்தத்தில் அளவு முந்நூற்றைத் தாண்டியிருந்தது.

"ரத்தத்துல சர்க்கரை ஏறினா கணையம் இன்சுலினைச் சுரக்கும், இறங்கினா குறைச்சுக்கும். நீங்க இறங்கவே விடலையே. பட்டினி கிடந்த அன்னைக்கு மட்டும்தான் அதுக்கு லீவு. இப்ப அது களைச்சுப்போச்சு" என்ற டாக்டர் குனிந்து பார்த்தார். "கால்ல என்ன கட்டு?"

"ஷூ கடிச்சது. ரெண்டு மாசமாச்சு, ஆறல." பாகுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஆனா பாருங்க டாக்டர், துளிகூட வலிக்கல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வலிக்கலைன்னா, சர்க்கரை நரம்பையும் தின்னுடுச்சுன்னு அர்த்தம்."